பின்னந்தலை

அந்தப் பழைய பிஸ்கட் தொழிற்சாலையில் இப்போது பிஸ்கட்டைத் தவிர எல்லாம் செய்கிறார்கள். இயந்திரங்களைக் கழற்றி விற்றுவிட்டு, கூடங்களைப் பலகையால் தடுத்து, சிற்பிகளுக்கும் ஓவியர்களுக்கும் வாடகைக்கு விட்டிருக்கிறார் கட்டடக்காரர். கூரை ஒழுகும். குழாயில் தண்ணீர் அதற்குத் தோன்றினால் வரும். மழை நாளில் சுவரிலிருந்து பழைய மாவு வாசனை கிளம்பி எல்லாருக்கும் பசியெடுக்க வைக்கும். தரைத்தளத்தின் கடைசி அறைக்காரருக்கு அங்கே உள்ளவர்கள் வைத்திருந்த பெயர் ஈரத்துணி. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் இந்த மாதிரிப் பெயர்கள் உரியவர் காதுக்குப் போய்ச் சேராமல் இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. அவருக்குத் தெரியும். கோபித்துக்கொள்ள நியாயம் இல்லை என்பதும் தெரியும்.

அவர் அறையின் நடுவில், ஒரு சுழல் மேடைமேல், எட்டு வருஷமாக ஒரு களிமண் உருவம் உட்கார்ந்திருந்தது. நிஜ ஆள் அளவு. ஸ்டூலில் உட்கார்ந்து, கைகளை முழங்கால்மேல் வைத்து, எழுந்து போய்விடலாமா என்று யோசிக்கிற மாதிரி கொஞ்சம் முன்னால் சாய்ந்த ஆண். களிமண்ணில் வேலை செய்கிறவர்கள் ஒரு மாதம், மிஞ்சிப்போனால் மூன்று மாதம் மண்ணை வைத்திருப்பார்கள். உருவம் வந்ததும் பிளாஸ்டரில் அச்செடுத்து, அதில் வெண்கலமோ சிமெண்டோ வார்த்துவிட்டு, மண்ணைப் பிய்த்து மறுபடி தொட்டியில் போட்டுவிடுவார்கள். அதுவரைக்கும் மண் காயக் கூடாது. காய்ந்தால் சுருங்கும், உள்ளே இருக்கிற இரும்புக் கம்பிக்கூடு சுருங்காது, இரண்டுக்கும் நடக்கிற இழுபறியில் உருவம் வெடித்துவிடும். அதனால் தினமும் தண்ணீர் தெளித்து, நனைத்த துணியைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்த வேண்டும்.

மற்றவர்கள் ஒரு மாதம் செய்கிற இந்தச் சேவையை நம்மவர் எட்டு வருஷமாக ஒரு நாள் விடாமல் செய்துகொண்டிருந்தார். உள்ளே கம்பி துருப்பிடித்து முழங்கால் பக்கம் மண் பழுப்பேறிவிட்டது. துணியில் எவ்வளவு துவைத்தாலும் போகாத பாசி வாசனை. வெளியூர்க் கண்காட்சிக்குக் கூப்பிட்டால் போகமாட்டார், உறவில் கல்யாணம் என்றாலும் போகமாட்டார். இரண்டு நாள் விட்டால் விரிசல் விழுந்துவிடும். பக்கத்தில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போகலாம்தான். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர்.

உட்கார்ந்திருப்பது யார் என்றும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. அது அவருடைய மகன்.

மனைவி தவறிய பிறகு வீட்டில் மிஞ்சியது இரண்டு ஆண்கள். இரண்டு பேருமே வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ரகம். "சாப்ட்டியா?" "ம்." "சாவி எங்க?" "ஆணியில." அத்தோடு அன்றைய பேச்சு தீர்ந்துவிடும். சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் பேச யாராவது வந்திருப்பார்கள். பத்தொன்பது வயதில் மகனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று பெட்டியோடு இந்த அறை வாசலில் வந்து நின்று, "வரேன்பா" என்றான். அந்த நேரம் பார்த்து அவர் ஒரு வாளி பிளாஸ்டரைக் கரைத்து முடித்திருந்தார். கரைத்த பிளாஸ்டர் யாருக்காகவும் காத்திருக்காது. பத்து நிமிஷத்தில் கல்லாகிவிடும்.

"இரு, இது இறுகிடும். ஊத்திட்டு வந்துடறேன்" என்றார், தலையைத் தூக்காமல்.

தூக்கியபோது வாசலில் ஆள் இல்லை. ஜன்னலுக்கு வெளியே, பலகைகள் அடுக்கி வைத்த நடைபாதையில், ஒரு முதுகும் பின்னந்தலையும் போய்க்கொண்டிருந்தன. ஒரு குரல் கொடுத்திருக்கலாம். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். வளைவில் திரும்பி மறையும்வரை பார்த்துவிட்டுக் குனிந்தால், பிளாஸ்டர் வாளியோடு சேர்ந்து இறுகிப்போயிருந்தது. ஆக, அதுவும் போச்சு, இதுவும் போச்சு.

அன்று சாயங்காலமே கம்பியை வளைக்கத் தொடங்கினார். முதலில் முதுகு. எந்த உருவத்தையும் அவர் பின்பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். முகத்தை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம், முதுகைப் பார்த்து ஆளைச் சொல்ல முடிந்தால்தான் அது சிற்பம் என்பது அவர் கட்சி. கண்ணில் சூடு ஆறாமல் இருந்த அந்த முதுகு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. அப்புறம் அதை அவர் தொடவே இல்லை. முகம்தான் ஓயாத வேலையாகிவிட்டது. ஏனென்றால், மகன் எங்கோ வளர்ந்துகொண்டிருந்தானே. பத்தொன்பது வயதுப் பிள்ளையை அச்செடுத்து நிறுத்திவிட்டால் இருபது வயதுக்காரன் எங்கே போய் உட்காருவான்? அதனால் அவனுக்கு ஒரு வயது ஏறும்போதெல்லாம் மண்ணுக்கும் ஒரு வயதை ஏற்றினார்.

ஏற்றுவதற்குத் தகவல் வேண்டாமா? அதற்கு அவருடைய அக்கா இருந்தாள். வேறு ஊர்க்காரி. மருமகனோடு வாரம் ஒரு முறை போனில் பேசிவிட்டு, தம்பியிடம் ஒன்று விடாமல் ஒப்பிப்பாள்.

"உன் புள்ள ரொம்ப எளைச்சுட்டான்டா."

அத்தைகள் கண்ணுக்கு எந்த மருமகன்தான் இளைக்காமல் இருந்திருக்கிறான்? ஆனால் அவர் அதை அப்படியே நம்பி, அன்றைக்கே கன்னத்தில் ஒரு விரல் மண்ணைச் சுரண்டி எடுப்பார். "வேலைல ரொம்ப அலைச்சலாம்" என்றால் கண்ணுக்குக் கீழே ஒரு பள்ளம் விழும். "முடி கொட்டுதாம், எண்ணெய மாத்திப் பாருன்னேன்" என்றால் நெற்றி அரை அங்குலம் மேலே ஏறும்.

"நான் சொல்றத விடு, போட்டோ அனுப்பறேன், நீயே பாத்துக்கோ. உன் போன் அந்தக் காலத்து டப்பா. பக்கத்து ரூம் பொண்ணு நம்பர் குடு" என்பாள் அக்கா.

"வேணாம்."

"ஏன்டா?"

"போட்டோவுல பின்னந்தலை இருக்காது."

"புள்ள மொகத்தப் பாருன்னா பின்னந்தலை இல்லைங்கறான்! உன்கிட்ட பேசறதுக்கு செவுத்துகிட்ட பேசலாம்" என்று அவள் போனை வைத்துவிடுவாள்.

அது அவர் கொள்கை. புகைப்படத்தைப் பார்த்து அவர் ஒரு காது மடல்கூடச் செய்ததில்லை. படம் தட்டை; தட்டையைப் பார்த்துச் செய்தது எவ்வளவு உருண்டையாக இருந்தாலும் உள்ளுக்குள் தட்டைதான் என்பார். கொள்கையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் கொள்கைக்கு எதிரே ஒரு ஆள் வந்து உட்கார வேண்டும். வரவில்லை. அறையில் இருந்தது ஓர் ஆளுயர நிலைக்கண்ணாடி மட்டும்தான். வேலையைத் திருப்பிப் பார்க்கச் சிற்பிகள் வைத்துக்கொள்வது. நேரில் பழகிப்போன கோணல் அதில் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். உருவத்தின் முகத்தை அவர் தினமும் அந்தக் கண்ணாடியில்தான் சரிபார்த்தார். கன்னம் ஒட்டினால் எலும்பு எங்கே தட்டுப்படும், தூக்கம் கெட்டவன் இமை எப்படித் தொங்கும் என்று சந்தேகம் வந்தால் கேட்பதற்கும் அங்கேயே ஒரு முகம் இருந்தது.

பக்கத்து அறையில் வெல்டிங்காரி. நாற்பதைத் தாண்டியவள், எப்போதும் முன்கையில் இரண்டு தீப்பொறிக் காயத்தோடு இருப்பாள். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கின கதவுக் கீல், சங்கிலி, கொதிகலன் மூடி எல்லாவற்றையும் ஒட்டி, ஒரு மெல்லிய கயிற்றில் கூரையிலிருந்து தொங்கவிடுவாள். அவள் சிற்பத்துக்கு முகம் கிடையாது, கை கால் கிடையாது.

"எனக்கு உருவமே வேணாம்ணே, பாரம் போதும். அடியில வந்து நிக்கறவனுக்கு வயித்தக் கலக்கணும். அதான் சிற்பம்."

"வயித்தக் கலக்கத்தான் மருந்துக் கடைல மாத்திரை இருக்கே" என்பார் அவர்.

"நீங்க மட்டும் என்ன, உங்க மண்ணுக்கு ஊத்தின தண்ணிய ஒரு செடிக்கு ஊத்தியிருந்தா இந்நேரம் காய்ச்சுத் தொங்கியிருக்கும்."

வாரத்துக்கு ஒரு நாள் இருவரும் தேநீர் குடிப்பார்கள். பேச்சு மண், இரும்பு, பிசின் என்று சுற்றிச் சுற்றி வரும். பொருள் தானே தன் உருவத்தைச் சொல்லும் என்பாள் அவள். பொருளுக்கு வாய் கிடையாது, கைதான் சொல்ல வேண்டும் என்பார் அவர். சொந்தக் கதைக்கு அந்தத் தேநீரில் இடமில்லை. ஒரு நாள் அவர் துணியை அவிழ்த்திருந்த நேரம் அவள் உள்ளே வந்துவிட்டாள். முகத்துக்கு எதிரே நின்று பார்த்துவிட்டு, "அச்சு அசல்ணே" என்றாள். இரண்டு நாள் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. இவள் மகனைப் பார்த்ததே இல்லையே, எதை வைத்து அச்சு அசல் என்றாள் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. பாராட்டு வரும்போது ஆதாரம் கேட்கிற கலைஞன் இன்னும் பிறக்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் ஒரு திங்கட்கிழமை அக்கா கூப்பிட்டாள்.

"டேய், உன் புள்ள வரான். ஆபீஸ் வேலையா உங்க ஊருக்கு வரானாம். வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம் சும்மா இருப்பானாம், அப்பாவப் பாக்கறேன்னான். நான் ஒண்ணும் தூண்டிவிடல, அவனாதான் சொன்னான். வாயத் தொறந்து நாலு வார்த்தை பேசு, என்ன?"

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று நாளில் அறையை நான்கு முறை கூட்டினார். முடி வெட்டிக்கொண்டார். இரண்டு புதுக் கோப்பை வாங்கினார். வாங்கி வந்த பிறகுதான், பழைய கோப்பையும் இரண்டு இருந்தது ஞாபகம் வந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தார். "வா" வந்தது. "உக்காரு" வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஆனால் அவருக்கு ஒரு தைரியம் இருந்தது. பேச வேண்டிய அவசியமே இல்லை. துணியை அவிழ்த்துக் காட்டினால் போதும். உன்னை ஒரு நாளும் மறக்கவில்லையடா என்பதை மனிதன் வாயால் சொன்னால் நம்பலாம், நம்பாமலும் போகலாம். தன் முகத்தையே எதிரில் பார்க்கிறவன் நம்பாமல் எங்கே போவான்?

வியாழக்கிழமை மதியம் போன் அடித்தது. தெரியாத எண்.

"வாசல்ல நிக்கறேன். எந்தப் பக்கம் வரணும்?"

"யாரு?"

"நான்தான்பா."

வெளியே ஓடினார். வாசலில் அகலமான ஒரு ஆள் நின்றிருந்தான். தாடி, மூக்குக்கண்ணாடி, சட்டைப் பொத்தானைச் சோதிக்கிற வயிறு, புசுபுசுவென்று நிறைந்த கன்னம். அவர் அந்த ஆளைத் தாண்டி, பின்னால் ஒல்லியாக யாராவது வருகிறானா என்று பார்த்தார். ஒரு கணம்தான். மகன் அதைக் கவனித்துவிட்டான். கவனித்ததை மறைக்கச் சிரித்தான்.

"ரொம்ப குண்டாயிட்டேன்ல?"

"இல்ல இல்ல" என்றார். அக்காவைக் கையில் கிடைத்தால் என்ன செய்யலாம் என்று நினைத்தார்.

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். புதுக் கோப்பையில் தேநீர்.

"எப்படிப்பா இருக்கீங்க?"

"இருக்கேன்."

"வெளிய எங்கயுமே போறதில்லையாமே, அத்தை சொன்னாங்க."

"வேலை."

"ம்."

"நீ?"

"வேலைதான். சாயங்காலம் ஒரு மீட்டிங், ராத்திரி ஓட்டல்ல தங்கிட்டு காலைல ரயில்."

இரண்டு பேரும் தேநீரைப் பார்த்தார்கள். பக்கத்து அறையில் வெல்டிங்காரி எதையோ அறுத்துக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று, அந்தச் சத்தம் நிற்கும் நேரங்கள்தான் தாங்க முடியாமல் இருந்தன. அரை மணி நேரம் கரைந்தது. வாசலில் பார்த்த கன்னத்துக்கும் துணிக்குள் இருக்கிற கன்னத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அவர் மனம் அளந்துகொண்டே இருந்தது. பரவாயில்லை, சதை வரும் போகும், எலும்பு அவனுடையதுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். எழுந்து பிளாஸ்டிக் தாளை விலக்கினார். துணியை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார். அவிழ்த்துவிட்டு ஓரமாக, தண்டனைக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றுகொண்டார்.

மகன் எழுந்து வந்தான். முகத்துக்கு நேரே நின்று வெகு நேரம் பார்த்தான்.

"ரொம்ப நல்லா இருக்குப்பா" என்றான்.

அப்பாடா, புரிந்துவிட்டது என்று நினைத்தார் அவர்.

"ஆனா இவ்ளோவா எளைச்சுட்டீங்க? நேர்ல பாக்கறப்பகூட தெரியல. இதுல பாத்தாதான் தெரியுது. தன்னைத்தானே இவ்ளோ கறாரா யாரும் செஞ்சுக்க மாட்டாங்கப்பா. கொஞ்சம் சிரிக்கற மாதிரி வச்சிருக்கலாம்."

அவர் மெல்லத் திரும்பி உருவத்தைப் பார்த்தார். ஏறிப்போன அந்த நெற்றி அவருடையது. மூக்கின் நடுவே சின்ன மேடு, அவருடையது. முழங்கால்மேல் இருந்த கைகளைப் பார்த்தார்: கட்டைவிரல் இரண்டும் வெளிப்பக்கம் வளைந்திருந்தன. நாற்பது வருஷம் மண்ணை அழுத்தினவனுக்குத்தான் அப்படி வளையும். ஆபீஸில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிற பிள்ளைக்கு அவர் தன் கட்டைவிரலை வைத்திருந்தார். வருஷாவருஷம் அக்கா சொன்ன இளைப்பையெல்லாம் செதுக்கிச் செதுக்கி, கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, மகன் முகத்தை ஒரு துளி மிச்சமில்லாமல் அழித்துவிட்டு அங்கே தன்னைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார். எட்டு வருஷமும் இந்த அறையில் அவர் ஒருவர்தான் இருந்திருக்கிறார்.

"ஒண்ணு சொல்லட்டுமாப்பா? கோவிச்சுக்கக் கூடாது" என்றான் மகன். அவன் பார்வை உருவத்தின் மேலேயே இருந்தது, அது அவனுக்குப் பேச வசதியாக இருந்திருக்க வேண்டும். "ஊர்ல இருக்கறவங்க தலையெல்லாம் செஞ்சீங்க. இப்ப உங்களையும் செஞ்சுட்டீங்க. என்னை மட்டும் ஒரு தடவகூட செஞ்சதில்ல."

"நீ ஆடிட்டே இருப்ப."

"ஏழு வயசுப்பா எனக்கு. பத்து நிமிஷம் உக்காந்தேன். உங்களுக்குப் பொறுக்கல. எதிர்வீட்டுப் பையனக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சீங்க. பார்க்குல புஸ்தகம் படிக்கற பையன் சிலை. நான் தினம் அதத் தாண்டித்தான் ஸ்கூலுக்குப் போவேன். 'உங்கப்பா செஞ்சதுதானே, அது ஏன்டா நீ இல்ல'ன்னு பசங்க கேப்பாங்க. நான் வேற ரோட்ல போக ஆரம்பிச்சேன்."

அவருக்கு இது தெரியாது. அந்தச் சிலைக்குப் பரிசு கிடைத்தது தெரியும். எதிர்வீட்டுப் பையன் கல் மாதிரி உட்கார்ந்தான் என்பது தெரியும். தன் பிள்ளை ஏன் திடீரென்று சுற்றுவழியில் பள்ளிக்கூடம் போனான் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

"இது நீ" என்றார்.

"எது?"

"இதுதான். இது நீதான்டா."

மகன் சிரித்தான். பெரியவர்கள் மனது நோகக்கூடாதே என்று சிரிக்கிற சிரிப்பு. "சும்மா சொல்லாதீங்கப்பா. பரவால்ல, நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

அவன் சொல்வதுதான் உண்மை, கண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறது. அவர் இரண்டு கையாலும் சுழல் மேடையைப் பிடித்துத் தள்ளினார். வருஷக்கணக்கில் திருப்பாத மேடை, கிறீச்சிட்டுக்கொண்டு அரை வட்டம் சுற்றி நின்றது. முதுகு முன்னால் வந்தது. பின்னந்தலை முடியில் இரண்டு சுழிகள், ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு எதிரெதிராகச் சுற்றின. இடது காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மேடு. சட்டைக் காலருக்குள் அவசரமாக நுழைந்த கழுத்து.

"எனக்கு ஒரு சுழி. உனக்குத்தான் ரெண்டு" என்றார்.

மகன் கை தானாகத் தன் பின்னந்தலைக்குப் போனது. இன்னொரு கையை நீட்டி மண்ணைத் தொட்டான். ஒரு கையால் தன் தலையையும் மறு கையால் மண் தலையையும் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றான். யாருக்கும் தன் முதுகு தெரியாது. கண்ணாடியில் பார்த்துத் தன்னைச் செய்துகொள்கிறவன் முகத்தைத் திருடலாம், முதுகைத் திருட முடியாது. அது மகன் விட்டுப்போனபடியே பத்தொன்பது வயதில் இருந்தது.

"இத எப்ப செஞ்சீங்க?"

"நீ கிளம்பிப் போன அந்த வாரமே."

"மொகம்?"

"அது அப்புறம். அத்தை சொல்லச் சொல்ல."

"இத்தன வருஷமாவா? தெனமுமா?"

"தண்ணி தெளிக்கணும்ல."

மகன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். மண் ஒட்டின விரலோடு கண்ணைத் துடைக்கப் போய், துடைக்காமல் கையை இறக்கிக்கொண்டான்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேப்பா" என்றான்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவன் சாதாரணமாக, பேருந்தைத் தவறவிட்டவரிடம் அடுத்த வண்டியைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சொன்னான்.

"என்ன பேசறதுன்னு தெரியலடா."

"எனக்கும்தான் தெரியல. நானும்தான் பண்ணல."

வெளியே அவனை அழைத்துப்போக வந்த கார் ஒலி எழுப்பியது. அவன் கையைக் கழுவிக்கொண்டான், பையை எடுத்துக்கொண்டான். அவர் வாசல்வரை கூடவே நடந்தார். கார்க் கதவைச் சாத்துவதற்கு முன் அவன், "உடம்பப் பாத்துக்கோங்கப்பா" என்றான். அவர் தலையை ஆட்டினார். கார் தெருமுனையில் திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அறைக்குத் திரும்பினால், வெல்டிங்காரி முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"யாருண்ணே அது?"

"என் மகன்."

"உங்களுக்கு மகன் இருக்கானா?" அவள் வாயைப் பிளந்தாள். "இத்தன வருஷமா டீ குடிக்கறோம், ஒரு வார்த்தை சொன்னதில்லையே! நான் உங்களுக்கு யாருமே இல்லைன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்."

"நீ நெனச்சது தப்பில்ல."

அவள் உருவத்தின் முதுகைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "மண்ணு காயுதுண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். முகத்துக்கு எதிரே போய் நின்றார். உதடு ஒட்டி, கண் உள்ளே போய், யாருக்காகவோ காத்திருந்து காத்திருந்து களைத்துப்போன ஒரு கிழவன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். இவ்வளவு தனியாகவா தெரிகிறோம் என்று இருந்தது. அவருக்குத் தன்மேலேயே இரக்கம் வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. பாட்டிலைக் கீழே வைத்தார். போனை எடுத்து, கடைசியாக வந்திருந்த எண்ணை அழுத்தினார்.

"சொல்லுங்கப்பா. எதாவது விட்டுட்டு வந்துட்டேனா?"

"இல்ல."

காரின் இரைச்சல் கேட்டது. யாரோ ஒலி எழுப்பினார்கள். சரி வைத்துவிடலாம் என்று போனைக் காதிலிருந்து எடுக்கப்போன நேரம், கொஞ்சம் முன்னால் அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தோற்றம் கண்முன் வந்தது. அதில் ஒரு கோணல் இருந்தது. நாற்பது வருஷத் தொழிலில் கோணலைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததில்லை அவர்.

"உனக்குக் கழுத்து வலிக்குதா?"

"என்னப்பா?"

"தலைய ஒரு பக்கமாவே சாய்ச்சு வச்சிருந்த. வலது தோள் தூக்கியே இருந்துது. என்னைத் திரும்பிப் பாக்கறப்ப கழுத்து திரும்பல, ஒடம்போட திரும்பின."

மறுமுனையில் கார் ஜன்னல் ஏறுகிற சத்தம் கேட்டது.

"ஆறு மாசமா வலிப்பா. கையெல்லாம் மரத்துப்போவுது. அத்தைகிட்டகூட சொல்லல."

"டாக்டரப் பாத்தியா?"

"இல்ல."

"ஏன்?"

"என்னவோ. தனியா போய் அங்க உக்காரணும்ல. நாளைக்குப் போலாம் நாளைக்குப் போலாம்னு..."

அந்த 'நாளைக்கு' எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாதா?

"நான் வரேன்" என்றார்.

"எங்க?"

"உன்கூட. உங்க ஊருக்கு. டாக்டர்கிட்ட."

"நீங்களா? உங்க வேலைப்பா? அது ரெண்டு நாள் தாங்குமா?"

"தாங்காது" என்றார் அவர். "வெடிச்சா வெடிக்கட்டும்."

இந்தத் தடவை அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அப்புறம் மகன், "காலைல ஏழு மணிக்கு ரயில்பா" என்றான்.